நாலு வயது கூடியவர்

பேசத் தொடங்கும் முன் அவர் கைகளைத் துடைத்துக்கொள்வார். இடது தோளில் எப்போதும் ஒரு பழைய துவாய் கிடக்கும். அதில் உள்ளங்கையை ஒரு தடவை, புறங்கையை ஒரு தடவை. பிறகு எதிரில் இருப்பவர் சொல்வதை முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும் அவரிடமிருந்து ஒரே ஒரு சொல் வரும்.

"அப்புறம்?"

கதை கேட்கிறவர்கள் கேட்கும் அப்புறம் அல்ல அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் புதுக் கூரை வருகிறது என்று கணக்கப்பிள்ளை ஒருமுறை சந்தோஷமாக வந்து சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். தகரம் லொறியில் வரும் என்றார் கணக்கப்பிள்ளை. அப்புறம் என்றார் இவர். இறக்கி வைப்பார்கள். அப்புறம்? அடிப்பார்கள். யார் அடிப்பது, ஆணி எங்கிருந்து வரும், அடித்து முடியும்வரை ஆறு குடும்பமும் எங்கே படுப்பது? ஐந்தாவது கேள்வியில் கணக்கப்பிள்ளைக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுத மூன்று வயதுப் பிள்ளையிடமும் அதே சொல்தான். "போயி? அப்புறம்?" பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கியது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஆய்வில் யாருடைய பெயரும் எழுதப்படுவதில்லை, பெயருக்குப் பதிலாக ஓர் எண் கொடுப்போம். அவருக்கு அந்த எண்ணும் கிடைக்கவில்லை. அதனால் தோட்டத்துப் பெண்கள் அழைத்தது போல அக்கா என்றே எழுதுகிறேன்.

நான் பதுளையில் இருப்பவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஏறிய பஸ், இறங்கிய நேரம், மழை, சந்தித்தவர்கள், சொன்னவை என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் பெரிய டாக்டர் என்னை அந்த ஆய்வுக்குக் கள அலுவலராக எடுத்தார்.

ஆய்வு கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றியது. பெண்கள் கிளினிக்கில் கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டியதில்லை. சிறு தூரிகை ஒன்றும் குழாய் ஒன்றும் கொடுப்போம். வீட்டிலேயே தாங்களாக மாதிரி எடுத்துக் குழாயில் போட்டுத் தந்தால் போதும். தோட்டத்துப் பெண்கள் இதற்கு முன்வருவார்களா என்று பார்க்க வேண்டும். எட்டுவதற்குக் கடினமான சமூகம் என்று பெரிய டாக்டர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். பிறகு ஒருநாள் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"பெரகல சந்தி வரைக்கும் பஸ்ஸு வருது. அங்கேருந்து ஆட்டோ. எட்டாம என்ன?"

முதல் வருகையில் நாங்கள் செய்த பிழை இன்றும் நாட்குறிப்பில் இருக்கிறது. பெண்களைக் கூட்டித் தரும்படி தோட்ட நிர்வாகத்தைக் கேட்டோம். அவர்கள் காலைப் பெரட்டில், அன்றைய வேலை பிரிக்கும் இடத்தில், மலைக்குப் போகிறவர்கள் பெயரோடு சேர்த்து எங்களிடம் வரவேண்டியவர்களின் பெயரையும் வாசித்துவிட்டார்கள். பத்து மணிக்கு முப்பத்தொரு பெண்கள் பிள்ளை மடுவத்துக்கு வந்தார்கள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே ஆயாவுக்கு உதவியாக இருந்தவர்தான் அக்கா.

நான் தகவல் தாளை இருபது நிமிடம் வாசித்தேன். கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முப்பத்தொரு பேரும் வரிசையாக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் குழாயை வாங்கிக்கொண்டு போனார்கள். பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்துகொண்டு, எதிர்பார்த்ததைவிட இலகு என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது நாலு குழாய்கள்தான் திரும்பி வந்திருந்தன. அவற்றில் இரண்டு திறக்கப்படவே இல்லை. நான் மேசையருகே தனியாக உட்கார்ந்திருந்தேன். அக்கா குழந்தைகளுக்குச் சோறூட்டி முடித்து, கை துடைத்து, உள்ளே போய் ஒரு பால்மா பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பைக்குள் பத்தொன்பது குழாய்கள் இருந்தன. லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கானில் கிடந்தவை, பிள்ளைகள் தண்ணீர் பீச்சி விளையாடியவை, ஒன்றில் யாரோ உப்புப் போட்டு வைத்தது.

"இந்தாங்க மிஸ்ஸி, ஒங்க சாமான். கழுவல."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் சம்மதம் என்று ஒப்பம் வைத்தார்களே என்று கேட்டேன். பெரட்டில் சொன்னால் அது வேலை என்றார் அவர். வேலைக்குக் கூப்பிட்டால் வருவார்கள், கைநாட்டு வைக்கச் சொன்னால் வைப்பார்கள். அன்றைய பேர், அந்த நாளின் கூலிப் பதிவு, விழுந்துவிட்டது, அவர்கள் பங்குக்கு வேலை முடிந்தது. வைக்காவிட்டால் அன்றைய பேர் போய்விடும் என்று பயந்தவர்களும் உண்டு. "சம்மதமான்னு நீங்க கேக்கவே இல்லியே மிஸ்ஸி. எங்க கையெழுத்துன்னு காட்டித் தந்தீங்க."

பிறகு அவர் என்னிடம் தன் சொல்லை எடுத்தார். சோதனையில் ஏதாவது தெரிந்தால்? கடிதம் வரும் என்றேன். அப்புறம்? அதை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போக வேண்டும். கடிதம் எந்தப் பாஷையில்? நான் யோசித்தேன். சிங்களத்தில்தான் என்றேன். யார் வாசித்துச் சொல்வது? கங்காணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடுமே? பதுளைக்கு யார் கூடப் போவது? அங்கே எந்த வாசல்? அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது? மருந்து எடுக்கத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால்? புருசன் விடாவிட்டால்? அன்று இரவு எட்டு மணிக்கு முன்பே எண்ணி எழுதிவிட்டேன். பத்துக் கேள்விகள். ஐந்துக்கு என்னிடம் பதில் இருந்தது.

அந்தப் பக்கத்தை அப்படியே பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நல்லவர். வாசித்துவிட்டுச் சிரித்தார். இதெல்லாம் ஆய்வுத் திட்டத்தில் இல்லையே என்றார். இல்லைதான், ஆனால் குழாய் கானில் கிடக்கிறதே என்றேன். இரண்டு வாரம் கழித்துச் சம்மதித்தார்: கடிதம் தமிழில் போகும், உறையில் ஒன்றும் எழுதியிருக்காது, சோதனையில் ஏதாவது தெரிந்தால் ஆய்வுப் பட்டியலில் உள்ள பெண்ணோடு நான் கூடப் போவேன்.

அக்காவிடம் அதைச் சொன்னபோது அவர் மறுபடியும் அப்புறம் கேட்கவில்லை. அதுதான் அவருடைய சம்மதம் என்று எனக்கு விளங்கியது.

அதன்பிறகு பெரட்டில் அறிவிப்பு இல்லை. கைக்குழந்தைக்காரர்கள் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும் நேரம் ஒன்று உண்டு. அப்போது ஒருத்தியை, இருவரை அக்கா என் பக்கம் அனுப்புவார். பின்னேரம் பிள்ளையைத் தூக்கிப்போக வருகிறவர்களில் ஒருத்தி. அனுப்பும் முன் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். சும்மா சின்னச் சோதனை என்று எங்கள் தாளில் இருந்த வாசகத்தை அவர் சொல்வதில்லை. "புத்துநோய் இருக்கான்னு பாக்குறாங்க. இருந்தா பயமாத்தான் இருக்கும். இந்த மிஸ்ஸி கூட வருவாங்க, நானு கேட்டுட்டேன்." வேண்டாம் என்று சொன்னவர்களை அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அப்படிப் பன்னிரண்டு பேர். அவர்களைச் சமாதானப்படுத்தலாமே என்று நான் சொன்னதற்கு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நாட்குறிப்பில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஒரு பெண்ணுக்குச் சோதனையில் தெரிந்தது. நாலு பிள்ளைக்காரி. நான் அவளுடன் பதுளைக்குப் போய்வரத் தொடங்கிய மூன்றாவது தடவை, அவளுடைய புருசன் பிள்ளை மடுவத்து வாசலுக்கு வந்து சத்தம் போட்டான். டவுனிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பெண்களுக்கு நோய்ப் பெயர் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றான். என்னைப் பார்த்துச் சொல்லாமல் என் தோல்பையைப் பார்த்துச் சொன்னான். அக்கா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வெளியே போனார்.

"சரிடா தம்பி. அவ போக வேணாம். அப்புறம்?"

அவன் என் பையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

"வீட்டுலயே இருப்பா. அப்புறம்? ரெண்டு வருசம் இருப்பா. அப்புறம்? நாலு புள்ளைக்கும் ரொட்டி நீ சுடுவியா, இல்ல ரொட்டி சுட இன்னொருத்திய கொண்டாருவியா? கொண்டாந்தா அவளுக்கும் இந்த மிஸ்ஸி குழாய் குடுப்பாங்க, சொல்லிட்டேன்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இப்போதும் மலைக்குப் போகிறாள்.

ஒரு மழை நாளில், ஆட்டோ வராததால் நான் மடுவத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கொழுந்து எடுக்கும் வேலையை விட்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் கூடை சுமக்கிறவர்களைவிடத் தெம்பாகத்தான் இருந்தார். அப்பா செய்த வேலை என்றார். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். வீட்டில் இன்னொரு பேர் விழ வேண்டியிருந்தது. கொழுந்துக்குப் பதிய வயது பற்றாது. அப்பா தோட்ட ஆபீசில் போய் நாலு வயது கூட்டிச் சொன்னார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். பிற்பாடு அடையாள அட்டை எடுத்தபோது அந்தப் பதிவைப் பார்த்தே எடுத்தார்கள். அதனால் வேலையை விட வேண்டிய வயதும் நாலு வருடம் முன்னதாக வந்துவிட்டது.

"எனக்கு அம்பத்தெட்டு. கவர்மெண்டுக்கு நான் கெழவி," என்று சொல்லிச் சத்தமில்லாமல் சிரித்தார். ஒரு பிள்ளை புரண்டு படுத்தது.

அதையும் எழுதி வைத்தேன்.

அந்த நாளிலேயோ அடுத்த வாரமோ அல்ல, சரியாக மூன்று வாரம் கழித்து அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மாதாமாதம் வருவது நின்று வருடக்கணக்கான பிறகும் ஒருத்திக்கு உதிரம் பட்டால் அது என்ன என்று. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றேன். யாருக்கு என்று கேட்டேன். ஒருத்தி கேட்டாள் என்றார். அவளைக் கூட்டி வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து, ஏற்கெனவே காய்ந்திருந்த துணிகளை மறுபடியும் கொடியில் திருப்பிப் போட்டார். நான் கேள்வியையும் என் பதிலையும் எழுதினேன். துணியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆய்வின் கடைசி நாள் வந்தது. பட்டியலில் அறுபத்துநான்கு பெண்கள். எல்லாத் தோட்டங்களையும்விட அதிகம். நான் மேசையைத் துடைத்து, மீதியிருந்த குழாய்களை எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு மிஞ்சியிருந்தன. அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"ஒண்ணு எனக்கும் குடுங்களேன் மிஸ்ஸி."

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. படிவத்தை எடுத்தேன், அடையாள அட்டையைக் கேட்டேன். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அட்டையை அவிழ்த்துத் தந்தார். அதில் இருந்த வருடத்தைப் பார்த்து மனதுக்குள் கழித்தேன். அறுபத்திரண்டு. அறுபதுக்கு மேல் சேர்க்க முடியாது என்பது ஆய்வின் விதி. வயதை அட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி.

"அக்கா, இதில அறுபத்திரண்டு எண்டு கிடக்கு. அறுபதுக்கு மேல எடுக்கேலாது. எழுதினாலும் அங்கை வெட்டிப் போடுவினம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டி திறந்திருந்தது, நாலு குழாய்களும் தெரிந்தன. அவருடைய உண்மையான வயது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றித் தந்து அவர்தானே சொன்னார். ஹப்புத்தளையிலோ பதுளையிலோ கிளினிக்குக்குப் போங்கள், அங்கே பார்ப்பார்கள், கட்டாயம் போங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவருடைய சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சரிங்க மிஸ்ஸி. மழை எறங்குது, ஆட்டோவ விட்டுறாதீங்க."

அன்றைய குறிப்பின் கடைசி வரி: மீதிக் குழாய்கள் நான்கு, ஒப்படைக்கப்பட்டன.

ஒன்றரை வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு ஆய்வு, வேறு மாவட்டம். அறிக்கை வெளிவந்தது. அதில் அந்தத் தோட்டத்தைப் பற்றி, சமூகத்தின் பங்கேற்பு மிகவும் திருப்திகரமானது என்று ஒரு வரி இருந்தது. பெரிய டாக்டர் கொழும்பில் அதைப் படங்களோடு விளக்கினார். பிள்ளை மடுவத்துப் படம் ஒன்றும் இருந்தது. அதன் ஓரத்தில் துவாய் போட்ட ஒரு தோள் தெரிந்தது. முகம் படத்துக்குள் வரவில்லை.

பிறகு ஒருநாள், ரொட்டி சுடுவது பற்றி அக்கா விசாரித்தாரே, அந்தப் புருசன், எனக்குத் தொலைபேசியில் பேசினான். அக்கா பதுளையில் வார்டில் இருக்கிறார் என்றான்.

சுவரோரக் கட்டில். துவாய் தலையணைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் வயது அறுபத்துநான்கு என்று எழுதியிருந்தது. நான் வாசித்ததை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கைகள் மட்டும் அதே கைகள். அங்கிருந்த இளம் வைத்தியர், ஒரு வருடம் முந்தி வந்திருக்கலாமே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் உறவுக்காரி என்று நினைத்துவிட்டார்.

எல்லாருக்கும் கடிதம் வந்ததா என்றுதான் அக்கா முதலில் கேட்டார். வந்தது என்றேன். அன்று என்னிடம் கேட்ட உதிரம் பட்ட ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மீதியில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன். ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை?

"போயி? அங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? சிங்களத்துல சொல்லுவாங்க. மத்தவங்களுக்கு நீங்க கூட வந்தீங்க. எனக்கு வர லிஸ்ட்ல பேர் இல்லியே."

அன்றைக்கு ஏன் அப்புறம் என்று கேட்கவில்லை அக்கா, நீங்கள் கேட்டிருந்தால் நான், என்று தொடங்கி முடிக்காமல் நின்றேன். அவர் தலையணைமேல் இருந்த துவாயை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்னு கேட்டிருந்தா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும் மிஸ்ஸி. ஒங்களுக்கு அது வராது. அதான் கேக்கல."

குற்றம் சொல்லும் குரல் அல்ல. மடுவத்தில் ஒரு குழந்தையைப் பற்றி, இதற்கு வெண்டிக்காய் பிடிக்காது என்று தாயிடம் சொல்வாரே, அந்தக் குரல்.

அதற்குப் பிறகு ஐந்து தடவை போனேன். நாள், நேரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆறாவது தடவை போவதற்கு முன் சொல்லி அனுப்பினார்கள்.

தோட்டத்துக்குப் போனபோது பாதையில் வெள்ளைக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் கொழும்பில் கடையில் வேலை செய்பவன், அன்று காலைதான் வந்திருந்தான். மரண அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், எழுதித் தருவீர்களா மிஸ்ஸி என்று ஒரு தாளையும் தாயின் அடையாள அட்டையையும் நீட்டினான். மடுவத்து மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். பிள்ளைகளின் பெயர், சம்பந்திகளின் பெயர், தகனம் செய்யும் நேரம். வயது என்ற இடம் வந்தபோது அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறுபது என்று எழுதினேன்.

மகன் குனிந்து பார்த்தான். "அட்டையில அறுபத்துநாலு இல்லீங்களா மிஸ்ஸி?"

"ஓம்," என்றேன். "அது பிழை. எனக்கு அப்பவே தெரியும்."

அவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, ஆட்டோ நிற்கும் பக்கம் போனான். நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவன் சொல்லவில்லை.